கழித்த வெளிச்சம்

மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களிலும் செப்டம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களிலும் சங்கரன்கோவில் சங்கரலிங்கர் சன்னதிக்குக் காலையிலேயே கூட்டம் வந்துவிடும். சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும் அந்த நாட்களில் வெயில் கோயிலுக்குள் நீண்டு லிங்கத்தின் மேல் விழும். அதைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம். அதே இரண்டு பருவங்களில், இரவில், இந்த ஊருக்கு மேலே இன்னொன்றும் நடக்கிறது. அதற்குக் கூட்டம் இல்லை. வெறுங்கண்ணுக்கு அது தெரிவதும் இல்லை. இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் மங்கலான சிவப்பு ஒளியை உமிழ்ந்துகொண்டிருக்கும். அந்தச் சிவப்பின் குறுக்கே, வடக்கு தெற்காக நீண்ட கருப்புப் பட்டைகள் தோன்றிக் கிழக்கு நோக்கி நகரும்.

பங்குனி மாத அமாவாசையை ஒட்டிய ஒரு மாலையில், அந்த வானத்தைத் தேடிச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. ஒரு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர், அவரிடம் படித்த இளைஞர்கள் சிலர், ஒரு கேமரா, ஒரு முக்காலி. ஆளுக்கொரு துண்டு டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங் தாளும் கையில் இருந்தது. ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கான கோடுகள் கீறிய அந்தப் பிளாஸ்டிக் தாளைக் கண்ணருகே வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தால், விளக்கின் இருபுறமும் அதன் நிறமாலை விரியும். போய்ச் சேர வேண்டிய இடம் திருநெல்வேலிக்கு அப்பால், திருச்செந்தூர் சாலையில் இருக்கும் கிருஷ்ணாபுரம்.

ஊரின் எல்லையைத் தாண்டுவதற்குள் ஆசிரியர் வேனை இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். முதலில் புதிய எல்.இ.டி. தெருவிளக்கு ஒன்றின் கீழே. கிரேட்டிங் வழியாக அதில் நீலம் தொடங்கிச் சிவப்புவரை இடைவெளி விடாத ஒரு பட்டை தெரிந்தது. அடுத்தது, இன்னும் மாற்றப்படாத ஒரு பழைய சோடியம் விளக்கு. அங்கே பட்டை துண்டு துண்டாக உடைந்து, மஞ்சளும் ஆரஞ்சும் சேரும் இடத்தில் ஒரு கோடு மட்டும் பளிச்சென்று நின்றது. அணு என்பது தன் விருப்பப்படி எந்த நிறத்தையும் உமிழ்வதில்லை, தனக்கென்று விதிக்கப்பட்ட அலைநீளங்களில் மட்டுமே உமிழ்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தவர்கள், இப்போது சாலையோரத்தில் நின்று கண்ணால் பார்த்தார்கள். சோடியத்துக்கு அது 589.0, 589.6 நானோமீட்டர் என்று நெருங்கி நிற்கும் இரட்டைக் கோடு.

அந்த இரட்டைக் கோடு தெருவிளக்கில் மட்டும் இல்லை. தலைக்கு மேலே சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்களின் மெல்லிய அடுக்கு ஒன்று உலகம் முழுவதையும் சுற்றியிருக்கிறது. நாள்தோறும் எரிந்து கரையும் விண்கற்கள் விட்டுப்போன உலோகம் அது. இரவெல்லாம் அதே 589-இல் மிக மெலிதாக ஒளிர்கிறது.

பனவடலிசத்திரம் கடந்ததும் சாலையின் இருபுறமும் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வந்தன. பகலில் வந்தால் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும் பகுதி இது. தேவர்குளத்துக்கு அருகே, வீடுகள் விட்டுப்போன ஓரிடத்தில், வேன் விளக்குகளை அணைத்து நிறுத்தினார்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் போனது. மேற்கே மலைத்தொடர் ஒரு கருங்கோடாகத் தெரிந்தது. நிலா இல்லை, மேகம் இல்லை. அப்படியும் மலையை விட வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. நிலவில்லாத இரவில் தெரியும் வெளிச்சம் முழுவதும் நட்சத்திரங்களிலிருந்து வருவதில்லை. அதில் ஒரு நல்ல பங்கைப் பூமியின் காற்றே தருகிறது. ஏர்குளோ என்று அறிவியலார் குறிக்கும் வானொளிர்வு அது. பகலில் சூரியனின் புறஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அணுக்களாக உடைத்துப்போடுகிறது. இரவில், 95 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில், அந்த அணுக்கள் மறுபடி இணைகின்றன. இணையும்போது மிஞ்சும் ஆற்றல் பக்கத்திலிருக்கும் இன்னோர் ஆக்சிஜன் அணுவுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த அணு 557.7 நானோமீட்டரில் ஒரு பச்சை ஒளித்துகளை விடுகிறது. பகலில் வாங்கிய வெயிலைக் காற்று இரவில் திருப்பித் தருகிறது என்று ஆசிரியர் சொன்னதில் மிகை ஏதும் இல்லை.

முக்காலியில் வைத்த கேமராவை மேற்குப் பக்கம் திருப்பி முப்பது நொடி திறந்து வைத்தார்கள். படத்தில் மலைக்குச் சற்று மேலே, வெளிறிய பச்சை மூட்டம் ஒன்று பதிந்திருந்தது. உச்சியில் இல்லாத பச்சை அடிவானத்தை ஒட்டி ஏன் வருகிறது என்று ஓர் இளைஞர் கேட்டார். தலைக்கு நேர்மேலே பார்க்கும்போது பார்வை அந்த ஒளிரும் அடுக்கைச் செங்குத்தாகக் கடந்துவிடுகிறது. சாய்த்துப் பார்க்கும்போது அதே அடுக்குக்குள் நெடுந்தூரம் போகிறது. அடுக்கு நீளமாகக் கிடைப்பதால் வெளிச்சமும் கூடுதல். டச்சு வானியலாளர் வான் ரைன் 1921-இல் இதைக் கணக்காக எழுதினார். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எடுக்கப்படும் படங்களில் பூமியின் விளிம்பைச் சுற்றித் தெரியும் மெல்லிய பச்சை வளையமும் இதே அடுக்குதான், பக்கவாட்டிலிருந்து பார்த்தது.

சாலையோரக் கடையை மூடிவிட்டு சைக்கிளில் வந்த ஒருவர் நின்றார். “என்ன அண்ணாச்சி, இந்த ராத்திரியில வானத்துல என்னத்தத் தேடுதிய? நட்சத்திரமா?”

“நட்சத்திரம் இல்ல அண்ணாச்சி. நட்சத்திரத்துக்கு நடுவுல கருப்பா இருக்குல்லா, அதத்தான் பாக்கோம்” என்றார் ஆசிரியர். கேமராவின் திரையைக் காட்டினார். வந்தவர் படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நம்ம கண்ணுக்கு ஏன் தெரிய மாட்டேங்கு?” என்ற அவருடைய கேள்வி சரியான கேள்வி. வெளிச்சம் இவ்வளவு குறைந்துபோனால் மனிதக் கண்ணில் நிறம் அறியும் செல்கள் வேலை செய்வதில்லை. சாம்பல் நிறமாக மட்டுமே தெரியும்.

அந்தப் பச்சைக் கோட்டை முதலில் அளந்தவர் ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ராம். 1868-இல் துருவ ஒளியின் நிறமாலையில் அதைக் கண்டு 556.7 என்று குறித்தார். வானம் தெளிவாக இருந்த ஓர் இரவில், துருவ ஒளி இல்லாத திசைகளிலும் அதன் சாயல் இருப்பதைக் கவனித்தார். அதே 1868-இல் ஆகஸ்ட் 18-ஆம் தேதி நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தை மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தவர் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். சூரியனின் விளிம்பில் எழும் தழல்களில் மஞ்சள் கோடு ஒன்றை அவர் கண்டார். சோடியத்தின் இடத்தோடு அது சரியாகப் பொருந்தவில்லை. பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் கோடு அது. அந்த வாயுவை ராம்சே ஆய்வகத்தில் பிரித்தெடுத்தது 1895-இல்தான். வானத்தில் கோடு முதலில், ஆய்வகத்தில் பொருள் பிறகு என்ற இந்த வரிசை நிறமாலை வரலாற்றில் மறுபடி மறுபடி வருகிறது.

பச்சைக் கோட்டின் கதை ஹீலியத்தை விடச் சிக்கலானது. இங்கே பொருள் எல்லோர் மூக்கிலும் இருந்தது. அது இதுதான் என்று யாருக்கும் தெரியவில்லை. 557.0-இல் கோடு உள்ள கிரிப்டானாக இருக்குமோ என்றார்கள். பூமியில் கிடைக்காத புதுத் தனிமம் ஒன்று மேல்வானத்தில் இருப்பதாகவும், உறைந்த நைட்ரஜன் துகள்கள் ஒளிர்வதாகவும் கருதியவர்கள் உண்டு. அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர், துருவ ஒளியே இல்லாத சாதாரண இரவுகளிலும் அந்தக் கோடு தவறாமல் பதிவதைக் காட்டினார். எந்தத் தனிமம் என்று முடிவு செய்ய வேண்டுமென்றால் அலைநீளம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஆங்ஸ்ட்ராமின் எண்ணில் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் பிழை இருந்தது. அந்த ஒரு நானோமீட்டருக்குள் பல தனிமங்களின் கோடுகள் நுழைந்துவிடும்.

1923-இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் ஹரால்ட் பாப்காக் அந்தப் பிழையை நீக்கினார். எதிரெதிரே வைத்த இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒளியை முன்னும் பின்னும் ஓடவிட்டு வளையங்களாகப் பதியும் ஃபேப்ரி-பெரோ கருவியை, எந்த நட்சத்திரத்தையும் நோக்காமல், வெறும் இரவு வானத்தை நோக்கித் திருப்பினார். பல மணி நேரம் படத்தகட்டைத் திறந்து வைத்துக் கிடைத்த வளையங்களிலிருந்து அவர் கணக்கிட்ட அலைநீளம் 557.7350 நானோமீட்டர். இன்றைய ஏற்கப்பட்ட மதிப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று இரண்டு பங்குதான். அந்த எண் கையில் இருந்ததால்தான் டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் மெக்லெனனும் ஷ்ரமும் 1925-இல் ஹீலியத்தோடு ஆக்சிஜனைக் கலந்து மின்சாரம் பாய்ச்சி, ஆய்வகத்தில் பிறந்த பச்சைக் கோடு வானத்தின் கோடுதான் என்று நிறுவ முடிந்தது. இருட்டு வானத்தையே ஆய்வகமாக வைத்து ஓர் அணுவின் உமிழ்வுக் கோட்டை இத்தனை துல்லியமாக அளந்த அந்த வேலைக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆக்சிஜனை ஏன் இத்தனை காலம் யாரும் அடையாளம் காணவில்லை? காரணம், பச்சை ஒளியை விடுவதற்கு அந்த அணு கிட்டத்தட்ட முக்கால் நொடி காத்திருக்கிறது. 630.0 நானோமீட்டர் சிவப்புக் கோட்டுக்கோ இரண்டு நிமிடம் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். சாதாரண உமிழ்வு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும் உலகில் இது மிக நீண்ட காலம். ஆய்வகக் குழாய்க்குள் அந்த அவகாசம் கிடைக்காது. அதற்குள் பக்கத்து மூலக்கூறோ குழாயின் சுவரோ மோதி அந்த ஆற்றலைப் பறித்துவிடும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அங்கே சுவரும் இல்லை. தடைபட்ட கோடுகள் என்று இயற்பியலார் ஒதுக்கிவைத்தவை அங்கே தடையின்றி ஒளிர்கின்றன. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவில் கண்ட அடையாளம் தெரியாத பச்சைக் கோடுகளை, நெபுலியம் என்ற கற்பனைத் தனிமத்தின் தலையில் அறுபது ஆண்டுகளாகக் கட்டிவைத்திருந்தார்கள். 495.9, 500.7 நானோமீட்டரில் உள்ள அவையும் மின்னேற்றம் பெற்ற ஆக்சிஜனின் தடைபட்ட கோடுகளே என்று ஐரா போவன் 1927-இல் காட்டினார்.

வேன் மானூர் வழியாகத் திருநெல்வேலிக்குள் நுழைந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மறுநாள் காலை திருச்செந்தூர் சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர் போல ஓடினால் கிருஷ்ணாபுரம். நாயக்கர் காலச் சிற்பங்களுக்காக வெங்கடாசலபதி கோயிலைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். அதே ஊர்ப் பகுதியில்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. கோயிலின் கல்தூண்களை வியந்துவிட்டுத் திரும்பும் பேருந்துகளில் ஒன்றாவது அந்த ஆய்வகத்தின் வேலி ஓரம் நின்று, இதுவும் நம் ஊர்ப் பெருமை என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஆய்வகம் இங்கே வந்ததற்குக் காரணம் பூமியின் காந்தம். காந்த நிலநடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது; மேலும் கீழும் சாய விட்ட காந்த ஊசி இந்தப் பகுதியில் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். இது முன்பே தெரிந்த விஷயம். 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் புரூன், யானைக்காடு தாண்டி அகத்தியமலை உச்சிக்குக் கருவிகளைச் சுமந்துபோய் ஒரு காந்த ஆய்வுநிலையமே அமைத்தார். இன்று கிருஷ்ணாபுரத்தில் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று 80 முதல் 98 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை 1990-களின் தொடக்கத்திலிருந்து அளந்து வருகிறது. அந்த உயரத்தையும் அதற்கு மேலுள்ளதையும் கண்ணாகப் பார்க்கும் வேலையைச் செய்பவை ஒளிமானிகளும், மீன்கண் வில்லை பொருத்திய முழுவானக் கேமராவும். ஒரு நானோமீட்டர் அளவுக்குக் குறுகிய வடிகட்டிக் கண்ணாடி வழியாகப் பச்சைக் கோட்டை மட்டும், சிவப்புக் கோட்டை மட்டும் தனித்தனியே வாங்கிப் பதிகிறார்கள். இதற்கு நிலா கூடாது, மேகம் கூடாது. இரண்டு பருவமழையும் தொடும் நெல்லைச் சீமையில் அப்படிப்பட்ட இரவுகள் தையிலிருந்து சித்திரை வரைதான் தொடர்ந்து கிடைக்கும்.

அளவுக்கு ரேலே என்று பெயர். இரவு வானத்தின் ஒளியை ஆண்டுக்கணக்கில் அளந்த நான்காம் ரேலே பிரபுவின் நினைவாக 1956-இல் முன்மொழியப்பட்டது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் நிற்கும் காற்றுத் தூண் நொடிக்குப் பத்து லட்சம் ஒளித்துகள்களை உமிழ்ந்தால் அது ஒரு ரேலே. இரவு வானின் பச்சைக் கோடு சில நூறு ரேலே அளவில் இருக்கும். அந்த எண் இரவு முழுவதும் நிலையாக நிற்பதில்லை. மலைமேல் மோதி எழும் காற்றும் இடிமேகங்களும் கிளப்பும் அலைகள் நூறு கிலோமீட்டர் உயரம்வரை ஏறிப்போய், ஒளிரும் அடுக்கைக் கலக்கிவிடுகின்றன. முழுவானப் படங்களில் அவை வரிவரியாகப் பதிகின்றன. பங்குனியிலும் புரட்டாசியிலும் சிவப்புக் கோட்டில் தோன்றும் கருப்புப் பட்டைகள் பிளாஸ்மா குமிழ்கள்: எலெக்ட்ரான்கள் குறைந்துபோன வெற்றிடங்கள் கீழிருந்து மேலே எழுவதன் தடம். ஜி.பி.எஸ். சமிக்ஞை அவற்றின் ஊடே வரும்போது தடுமாறுகிறது. விமானத்துக்கும் மீன்பிடி படகுக்கும் அது நேரடியான பாதிப்பு.

இந்த ஆய்வுக்கு இந்தியாவில் ஒரு மரபு உண்டு. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, சி.வி. ராமனோடு கொல்கத்தாவில் வேலை செய்த கே.ஆர். ராமநாதன், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநர். அந்தக் கூடம்தான் மவுண்ட் ஆபுவில் வானொளிர்வு அளவீடுகளை வளர்த்தது.

கிருஷ்ணாபுரத்தில் இப்படிச் சேகரிக்கும் ஒளியைத்தான் வடக்கே ஜவ்வாது மலையில் கழித்துத் தள்ளுகிறார்கள். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியாக இருக்கட்டும், உலகின் வேறெந்தத் தொலைநோக்கியாக இருக்கட்டும், மங்கலான ஒரு விண்மீன் மண்டலத்தின் நிறமாலையை எடுக்கும்போது அதனோடு வானத்தின் ஒளியும் வந்து விழும். பக்கத்தில் பொருள் எதுவும் இல்லாத வானத்தைத் தனியே பதிந்து, அதை மொத்தத்திலிருந்து கழித்தால்தான் வேண்டிய பொருள் மிஞ்சும். அகச்சிவப்புக்குப் போகப் போகக் கழிக்க வேண்டியது பெருகும். 87 கிலோமீட்டர் உயரத்து ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் அங்கே காடாகக் கோடுகளை விரிக்கின்றன.

ஆனாலும் கழிக்கும் முன் அந்தக் கோடுகளை வைத்து வானியலார் ஒரு வேலை வாங்கிக்கொள்கிறார்கள். தொலைநோக்கி வானத்தைத் தொடர்ந்து சாயும்போது நிறமாலைமானி இம்மியளவு வளையும். அலைநீள அளவு நகர்ந்துவிடும். பச்சைக் கோட்டின் அலைநீளம் நன்றாகத் தெரிந்தது என்பதால், படத்தில் அது எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் நகர்ந்த அளவு தெரிந்துபோகும். 1996-இல் டொனால்ட் ஆஸ்டர்பிராக்கும் சகாக்களும் ஹவாய்த் தீவின் பத்து மீட்டர் கெக் தொலைநோக்கியில் எடுத்த வான நிறமாலையிலிருந்து ஹைட்ராக்சில் கோடுகளின் வரைபடத் தொகுப்பையே வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு டாம் ஸ்லாங்கரும் அவருடைய குழுவும், வானியலார் வேண்டாமென்று விட்ட கெக் வான நிறமாலைகளை வாங்கி அணு இயற்பியல் செய்தார்கள். பொட்டாசியத்தின் மெல்லிய கோட்டை அவற்றில் பிடித்தார்கள். சோடியத்தின் இரண்டு கோடுகளின் பிரகாச விகிதம் மாறாதது என்ற எண்ணத்தைத் திருத்தினார்கள். ஒளியை விடப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் அணுவின் 520 நானோமீட்டர் இரட்டைக் கோட்டை அளந்து, அதற்குக் கோட்பாடு சொல்லியிருந்த விகிதத்தைச் சோதித்தார்கள். அத்தனை நேரம் காத்திருக்கும் அணுவுக்குப் பூமியில் எந்தக் குழாயும் போதாது.

இங்கேதான் சங்கரன்கோவில் தெருவிளக்கு மறுபடி கணக்குக்குள் வருகிறது. சோடியம் விளக்கு கெடுத்தது நிறமாலையில் சில இடங்களை மட்டும். அந்த இடங்களை விட்டுவிட்டு மற்றதைப் படிக்க முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. முழுப் பட்டையிலும் பரவுகிறது. பச்சைக் கோட்டின் அடியிலும் அது உண்டு. மின்சாரம் மிச்சமாவது உண்மை, அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. விளக்கின் மேல் ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் சாலைக்கும் அது போதும், வானத்துக்கும் தொந்தரவு இல்லை. கிருஷ்ணாபுரத்தைச் சுற்றி, காவலூரைச் சுற்றி இது கட்டாயமாக வேண்டும்.

திரும்பும் வழியில் இளைஞர்கள் கேட்டது ஒன்றுதான்: “சார், பச்சைக் கோட்டை நாம அளக்க முடியாதா?” கையிலிருக்கும் கிரேட்டிங் தாளால் முடியாது. ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வேயின் தரவால் முடியும். நியூ மெக்சிகோவில் ஒரு தொலைநோக்கி, ஒரே நேரத்தில் 640 ஒளியிழைகளை நீட்டி எடுத்த நிறமாலைகள் அதில் இருக்கின்றன. அந்த 640-இல் 32 இழைகள் வெறும் வானத்துக்கு ஒதுக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறமாலைக் கோப்பிலும் பொருளின் ஒளி ஒரு பத்தியில் இருக்கும். அதிலிருந்து கழித்த வானத்தின் ஒளி தனியே இன்னொரு பத்தியில் இருக்கும்.

ஆசிரியர் இரண்டு எச்சரிக்கை சொன்னார். அந்தத் தரவில் அலைநீளங்கள் வெற்றிடத்துக்கானவை. ஆகவே பச்சைக் கோட்டை 557.73-இல் தேடாமல் 557.89-க்கு அருகே தேட வேண்டும். இன்னொன்று, பூமி சூரியனைச் சுற்றும் வேகத்துக்குத் திருத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். தூரத்து மண்டலத்துக்கு அது சரி. பூமியோடு சேர்ந்தே ஓடும் காற்றுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. அதனால் வெவ்வேறு மாதங்களில் எடுத்த கோப்புகளை வரிசையாக வைத்தால் பச்சைக் கோடு இப்படியும் அப்படியும் அதிகபட்சம் 0.056 நானோமீட்டர் அளவுக்கு நகர்ந்திருக்கும். அந்த நகர்வை அளந்து, ஒளியின் வேகத்தால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால், நொடிக்கு 30 கிலோமீட்டர் என்ற பூமியின் ஓட்டத்தை எட்டிப்பிடிக்கும் விடை வர வேண்டும். யார் எந்த மாதத்துக் கோப்பை எடுப்பது என்று பனவடலிசத்திரம் வருவதற்குள் வேனில் பிரித்துக்கொண்டார்கள்.